அளவு நோட்டில் ஒளிந்திருந்த குரல்

அந்த வீட்டில் கண்டக்டர் ஒரு வார்த்தை பேச வேண்டுமென்றால் முதலில் லேப்டாப்பைத் திறக்க வேண்டும்.

முப்பது வருடம் பஸ்ஸில் கத்திக் கத்தி டிக்கெட் கொடுத்த மனிதர். பின்படியிலிருந்து அவர் "உள்ள போ" என்று அதட்டினால், தெருவில் நடந்து போகிறவனும் ஒரு அடி உள்ளே நகர்வான் என்பார்கள். இரண்டு வருடத்துக்கு முன்னால் தொண்டையில் ஒரு கட்டி வந்தது. டாக்டர் உயிரை விட்டுவைத்துக் குரலை எடுத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய முதல் வாரம் வீட்டில் தையல் மெஷின் ஓடும் சத்தம் மட்டும்தான். அந்த மெஷினை மிதித்தவள் அவர் மனைவி. தெருவுக்கு அவள் டெய்லரம்மா.

டெய்லரம்மா அழுதாள். ஆனால் அழுதுகொண்டே வேலை பார்க்கிற ஜாதி அவள்.

மகள் கல்யாணமாகிப் போகும்போது விட்டுப்போன பழைய லேப்டாப் ஒன்று வீட்டில் இருந்தது. அதைத் திறந்தால் சாதம் வெந்து இறக்கும் வரைக்கும் சுற்றிக்கொண்டே இருக்கும். ரிப்பேர் கடைக்காரர் ஒருமுறை அதைப் பார்த்துவிட்டு, "ஒண்ணு இரும்புக் கடையில போடுங்க, இல்லேன்னா லினக்ஸ் போடுங்க" என்று ஒரு பென்டிரைவைக் கொடுத்திருந்தார். தையல் பாடங்களின் வீடியோ பார்க்க ஆசைப்பட்டு, வீம்புக்கு அவளே லினக்ஸ் என்ற அந்த இயங்குதளத்தைப் போட்டாள். அது நடந்து மூன்று வருடம் ஆகிறது. இலவசமாக யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், பிரித்தும் பார்க்கலாம் என்பது அவளுக்குப் பிடித்துப்போனது. பிரித்துத் தைக்க முடியாத துணியை அவள் துணியென்றே மதிப்பதில்லை. கணினிக்குக் கொடுத்த ஒவ்வொரு கட்டளையையும் பழக்கதோஷத்தில் தன் அளவு நோட்டிலேயே எழுதி வைத்தாள். யாரோ ஒருத்தியின் தோள் அளவுக்கும் கை அளவுக்கும் நடுவே வைஃபையைச் சரிசெய்யும் வழி இருக்கும்.

கணவரின் குரல் போன பிறகு, தட்டச்சு செய்வதை வாசித்துக் காட்டும் மென்பொருளை அதில் நிறுவினாள். இரண்டு நாள் போராட்டம். கூழாங்கல்லை மென்றுகொண்டே பேசுகிறவன் குரல் போலத்தான் இருந்தது. கண்டக்டர் அதில் முதன்முதலாகப் பேசியது "சாப்பாடு போடு" என்பது. தட்டை வைத்துக்கொண்டு அவள் தேம்பியபோது அடுத்த வரியும் வந்தது. "அழுதுட்டே போடாதே, உப்பு கூடும்."

விசில் ஒன்றுதான் பாக்கி. மூச்சு இப்போது கழுத்துத் துளை வழியே போவதால் அவரால் ஊத முடியாது. இருபத்தெட்டு வருடம் அவரோடு ஒரே பஸ்ஸை ஓட்டிய டிரைவரை வீட்டுக்கு வரவழைத்து, அந்தப் பழைய விசிலை ஊதச் சொல்லிப் பதிவு செய்தாள். லேப்டாப்பைத் திறந்ததும் அந்த விசில் ஒலிக்கும்படி வைத்தாள். தனியாக ஒரு பொத்தானிலும் வைத்தாள். வீட்டில் ஒரு விசில் என்றால் தண்ணீர். இரண்டு என்றால் கிளம்பலாம். மூன்று என்றால் நாத்தனார் வருகிறாள்.

அந்த டிரைவர் ஓய்வு பெறும் நாள் வந்தது. சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குப் பணிமனைக் கூடத்தில் பிரிவு விழா. கண்டக்டர் பேச வேண்டும் என்று டிரைவரே கேட்டிருந்தார். ஒரு வாரமாக அவர் எதையோ தட்டச்சு செய்வதும், மனைவி பக்கத்தில் வந்தால் மூடுவதுமாக இருந்தார். அத்தனை பேர் முன்னால் கூழாங்கல் குரலில் பேசுவாரே என்று டெய்லரம்மாவின் மனசு கேட்கவில்லை. புதிய பதிப்பில் மனிதக் குரல் போலவே வாசிக்கும் வசதி வந்திருக்கிறது என்று படித்தவள், வெள்ளிக்கிழமை பிற்பகலில் மொத்த இயங்குதளத்தையும் மேம்படுத்தினாள்.

சனிக்கிழமை காலை கண்டக்டர் லேப்டாப்பைத் திறந்தார். விசில் வரவில்லை. எதையோ தட்டினார், பொத்தானை அழுத்தினார். சத்தம் இல்லை. அவர் உதடுகள் ஒருமுறை அசைந்தன. மூடியை மெதுவாகச் சாத்திவிட்டுச் செடிக்குத் தண்ணீர் விடப் போய்விட்டார். திட்டியிருந்தால்கூட அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

திட்டுவதற்கு நாத்தனார் வந்து சேர்ந்தாள்.

"ஓடுற பஸ்ஸுக்கு எதுக்கு அண்ணி டயரைக் கழட்டினீங்க? பேசாம எழுதிக் கொடுக்கச் சொல்லுங்க, நான் படிக்கிறேன்."

ஜன்னலுக்கு வெளியே தண்ணீர்க் குழாயுடன் நின்ற கண்டக்டர் முடியாது என்று தலையை ஆட்டினார். சட்டைப் பையிலிருந்த துண்டுக் காகிதத்தில் எழுதி நீட்டினார். "என் பேச்சை நான்தான் பேசணும்."

டெய்லரம்மா தைக்க வேண்டிய துணிகளை ஓரமாகத் தள்ளினாள். ஒலி அளவு சரி. ஹெட்போன் செருகும் துளை சரி. ஆனால் ஒலிப் பட்டியலில் ஸ்பீக்கரின் பெயரே இல்லை. தனக்கு ஸ்பீக்கர் இருப்பதையே லேப்டாப் மறந்துவிட்டது. கையிலிருந்த நோட்டின் எல்லா வைத்தியத்தையும் செய்துவிட்டு, பதினொரு மணிக்கு லினக்ஸ் பயனர்களின் இணைய மன்றத்தில் உதவி கேட்டு எழுதினாள். தூக்கணாங்குருவி என்ற பெயரில் அங்கே உலவும் ஒருவர் பதில் போட்டார். அவள் முகம் பார்த்திராத ஆள்.

"முன்னாடி எப்பவாவது சவுண்டுக்காக நீங்களே ஏதாவது ஃபைல் போட்டீங்களா அக்கா?"

இல்லவே இல்லை என்று அவள் அடித்துச் சொன்னாள். குருவி சொன்ன மற்ற எல்லாவற்றையும் முயன்றாள். இரண்டு மணி ஆயிற்று.

அப்போது பார்த்து வாசலில் ஒரு டீச்சரம்மா வந்து நின்றாள். கையில் புதுத் துணி. மூன்று வருடம் முன்பு தைத்த அதே அளவு போதும் என்றாள். வேண்டாவெறுப்பாக டெய்லரம்மா பரணிலிருந்து பழைய நோட்டை இறக்கினாள். டீச்சரம்மாவின் பக்கம் வந்தது. தோள் பதினாலு, கை ஒன்பது. அதற்குக் கீழே, அவளுடைய கையெழுத்திலேயே, ஒரு கோப்பின் பெயரும் ஒரு வரியும். பக்கத்தில் "கரகர போச்சு" என்று எழுதி ஒரு டிக்.

நோட்டை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த் திரும்பப் படித்தாள். தையல் வீடியோவில் சத்தம் கரகரவென்று வந்ததற்காக எங்கிருந்தோ பார்த்துப் போட்ட வரி. ஏன் போட்டாள் என்று கோப்பிலேயே எழுதி வைக்கவில்லை. அடுத்த வாடிக்கையாளர் வந்ததும் மறந்தே போனாள்.

"என்னம்மா ஆச்சு, அளவு இல்லையா?" என்றாள் டீச்சரம்மா.

"அளவெல்லாம் இருக்கு. உடம்புதான் அப்படியே இருக்கான்னு பார்க்கணும்" என்று டேப்பை எடுத்தாள் டெய்லரம்மா. இடுப்பு இரண்டு அங்குலம் கூடியிருந்தது.

லேப்டாப்பின் கதையும் அதேதான். மூன்று வருடம் முன்பு, சத்தத்தை உண்டாக்கும் அதன் ஒலி அட்டையை லினக்ஸ் சரியாக அறியவில்லை. அதனால் அதை இன்ன வகை என்று நினைத்துக்கொள் என்று அவள் அந்த வரியில் சொல்லி வைத்தாள். புதிய பதிப்புக்கு அட்டையைத் தானாகவே தெரியும். ஆனால் அவள் போட்ட பழைய ஆணை குறுக்கே நின்று குழப்பியது. நான் பொய் சொல்லிவிட்டேன் தம்பி என்று குருவிக்கு எழுதிவிட்டு, கோப்பைத் திறந்து அந்த வரியின் தொடக்கத்தில் # என்ற குறியை இட்டாள். அந்தக் குறி இருந்தால் கணினி அந்த வரியைச் சட்டை செய்யாது. மனிதர்கள் மட்டும் படிக்கலாம்.

லேப்டாப்பை அணைத்துத் திரும்பப் போட்டாள். திரை இருண்டது, வெளுத்தது. கண்ணை மூடிக்கொண்டாள்.

விசில் வீட்டைத் துளைத்தது.

தோட்டத்தில் குழாய் கீழே விழுந்த சத்தம் கேட்டது. ஈரக் கையோடு ஓடி வந்த கண்டக்டர் நின்றபடியே இரண்டு விரலால் தட்டினார். "ரைட், போலாம்" என்றது கூழாங்கல் குரல். புதுக் குரலைப் போட நேரமில்லையே என்று அவள் முனகியது அவர் காதில் விழவில்லை. நாத்தனார் மட்டும் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே, டயரை மாட்டிட்டீங்க அண்ணி என்றாள்.

கூடத்தில் நூறு பேர் இருந்தார்கள். லேப்டாப்பின் முன்னால் மைக்கை வைத்தார்கள்.

"இருபத்தெட்டு வருஷம் இந்த ஆளோட முதுகை மட்டும்தான் பார்த்தேன். இன்னைக்குத்தான் முகத்தை நல்லாப் பார்க்கிறேன். முதுகே பரவாயில்லை."

கூடம் சிரித்து ஓய்வதற்கு வெகுநேரம் ஆனது. அதற்குப் பிறகு அவர் அதிகம் பேசவில்லை. எந்த மழையிலும் தன்னைப் படியிலிருந்து விழவிடாத கால் டிரைவருடைய கால் என்றார். பிறகு பொத்தானை இரண்டு முறை அழுத்தினார். இரட்டை விசில்.

மேடை நாற்காலியில் உட்கார்ந்திருந்த டிரைவரின் வலது கால் தானாகவே தரையை மிதித்தது. அதை எல்லாரும் பார்த்தார்கள். டிரைவரும் குனிந்து தன் காலைப் பார்த்தார். பிறகு முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

மறுநாள் காலை, இந்த முறையாவது காரணத்தை எழுதி வைப்போம் என்று டெய்லரம்மா அந்தக் கோப்பைத் திறந்தாள். அங்கே ஏற்கெனவே # போட்டு ஒரு வரி இருந்தது. பாஸ்வேர்டு பழைய பஸ் நம்பர்தான், வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

# இந்த வரியைப் போட்டவளும் இவளே, எடுத்தவளும் இவளே. யாரும் திட்டக் கூடாது. இப்படிக்கு, கண்டக்டர்.

அவள் அதை இரண்டு முறை படித்தாள். அதற்குக் கீழே, தன் காரணத்தையும் தேதியையும் நிதானமாக எழுதிச் சேமித்தாள். உள்ளேயிருந்து ஒரு விசில் கேட்டது. தண்ணீர் எடுக்க எழுந்தாள்.