கொக்கின் பின்னால் இருந்தது

காக்கையின் அலகிலிருந்து மஞ்சள் கரு கருவேலங்கிளையில் சொட்டியதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். வருடங்கள் ஓடிவிட்டன. இன்றும் யாராவது முட்டையை உடைத்து ஊற்றினால் நான் எழுந்து வெளியே போய்விடுவேன்.

அப்போது நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஆர்டர்களையும் சாம்பிள்களையும் கவனிக்கும் மெர்ச்சண்டைசர். எங்கள் மேலாளருக்கு ஞாயிற்றுக்கிழமையானால் பறவைகளைப் படம் பிடிக்க வேண்டும், அதுவும் பறக்கும்போதுதான். உட்கார்ந்திருக்கும் பறவையை யார் வேண்டுமானாலும் எடுப்பார்கள் என்பார். ஒருமுறை அவரோடு பல்லடம் பக்கம் ஒரு குளத்துக்குப் போயிருந்தேன். தண்ணீருக்குள் நின்ற கருவேல மரங்களில் கொக்குகள் அடைகாத்துக்கொண்டிருந்தன. கரை உயரமாக இருந்ததால், கொக்கு சற்றே எழுந்து நின்ற கூடுகளில் கிடந்த வெளிர்நீல முட்டைகள்கூடத் தெரிந்தன.

என் டிபன் பாக்ஸ் மூடியில் கரண்டியால் தட்டச் சொன்னார். தட்டினேன். அத்தனை கொக்குகளும் எழுந்தன. கேமராத் திரையைப் பார்த்து அவர் உதட்டைப் பிதுக்கினார். கொக்கு தெளிவாகத்தான் விழுந்திருந்தது; ஆனால் பின்னால் முள்ளும் கிளையும் அதே தெளிவோடு அடைத்துக்கொண்டு நின்றன.

"கோவிச்சுக்காதீங்க, இன்னொருக்கா தட்டுங்க."

சாம்பிள் சரியில்லை என்றால் திரும்பத் தைக்கச் சொல்வாரே, அதே குரல். அடுத்தடுத்த முறை கேமராவின் ஃபோகஸ் கொக்கை விட்டுவிட்டுக் கிளையைப் பிடித்துக்கொண்டது. கொக்குகள் இறங்கி உட்கார்வதற்குள் மறுபடி தட்டினேன். ஆளில்லாத கூடுகளுக்குக் காக்கைகள் வந்துவிட்டன.

"சார், முட்டைய எடுக்குதுங்க."

"அதெல்லாம் மறுபடி வெச்சுக்குமுங்க. நீங்க தட்டுங்க."

வேலை போய்விடுமென்று பயந்தேன் என்று சொன்னால் பொய். அவரிடம் நல்ல பெயர் வாங்கும் ஆசை, அவ்வளவுதான். உச்சி வெயில் வரை தட்டிவிட்டு, அதே டிபனிலிருந்த தக்காளிச் சாதத்தை இருவரும் பங்கிட்டுச் சாப்பிட்டோம். ருசித்துச் சாப்பிட்டேன் என்பதை நினைத்தால் என்மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

இப்போது அவர் ஓய்வு பெற்றுவிட்டார். பள்ளிக்கூடங்களில் பறவைகளைக் காப்பது பற்றிப் பேசக் கூப்பிடுகிறார்களாம். போகிறாராம், தூ.

அன்று குளத்துக்குப் போய்வந்த மறுநாள், திங்கட்கிழமை, குழந்தைகள் டி-ஷர்ட்டில் பிரிண்ட் போட ஒரு படம் தேர்ந்தெடுத்து என்னிடம் கொடுத்தனுப்பினார். டிசைன் செக்‌ஷன் பெண்ணின் கம்ப்யூட்டரில் அதைத் திறந்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. கொக்கும் பின்னாலிருந்த முள்ளும் ஒரே தெளிவில் இருந்தன; நான் முதல்முறை தட்டியபோது எடுத்த படம். அதற்குப் பிறகு எடுத்தது ஒன்றுகூட அவருக்குத் தேவைப்படவில்லை.

"பின்னாடி இருக்கறதயெல்லாம் வெட்டியுடச் சொன்னாருங்க" என்றேன்.

ஒரு டீ குடிக்கிற நேரத்தில் முள், கிளை எல்லாம் மறைந்து வெள்ளையானது. ஓரத்துக்கு வந்ததும் அவள் கை நின்றது. படத்தைப் பெரிதாக்கினாள்.

"இங்கொரு கூடு இருக்குதுங்க. முட்டை மூணு, முழுசா இருக்குது பாருங்க. இத மட்டும் உட்டுரட்டுங்களா?"

திரைக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தேன். மூன்றும் இருந்தன.

"வேண்டாமுங்க. அதையும் எடுத்துடுங்க" என்றேன்.