முந்நூற்றைம்பது யூரோப் பரண்

நான் வேலை செய்யும் தொழிற்சாலை ஜெர்மனியின் ஹம் நகர ஓரத்தில், ரயில் பாதைக்குப் பக்கத்தில் இருக்கிறது. குழாய்களுக்கு மூடி செய்கிறோம். எங்கள் பொதியிடல் பிரிவுக்குப் பொறுப்பான பெண்மணியை எல்லோரும் 'ஷெஃபின்', அதாவது மேலதிகாரியம்மா, என்றுதான் கூப்பிடுவோம். அறுபதை நெருங்கும் அவர் வார நாட்களில் பெட்டிகளை எண்ணுவார், குளிர்காலச் சனிக்கிழமைகளில் காட்டுப்பன்றிகளை எண்ணுவார். தெற்கே ஒரு மணிநேரத் தூரத்தில் ஒரு மலைக்காட்டின் வேட்டை உரிமையை, இன்னும் இரண்டு பேரோடு சேர்ந்து குத்தகைக்கு எடுத்திருந்தார்.

ஒரு நவம்பர் மாத இடைவேளையில் என் கோப்பிக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"சனிக்கிழமை உனக்கு ஏதும் அலுவல் இருக்கிறதா? பன்றி கலைக்க ஆள் போதவில்லை."

விஷயம் இதுதான். சுடுவதற்குத் துவக்கு வைத்திருக்கும் விருந்தாளிகள் காட்டைச் சுற்றி ஆங்காங்கே மரப் பரண்களில் நிற்பார்கள். துவக்கில்லாத சிலர் செம்மஞ்சள் மேலங்கி போட்டுக்கொண்டு, வரிசையாகப் பற்றைகளுக்குள் சத்தம் போட்டபடி நடப்பார்கள். படுத்திருக்கும் பன்றிகள் எழும்பி, பரண்கள் இருக்கும் பக்கம் ஓடும். நடக்கிறவர்களுக்கு நாற்பது யூரோ, சுடச்சுட சூப், காப்புறுதி.

"அந்த விருந்தாளிகளுக்கு எவ்வளவு கொடுப்பீர்கள்?" என்று கேட்டேன்.

"கொடுப்பதா? அவர்கள்தான் எனக்குத் தருவார்கள். ஒரு பரணுக்கு முந்நூற்றைம்பது."

அன்று பின்னேரம் இதை அக்காவிடம் சொன்னேன். அக்கா என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். முதியோர் இல்லத்தில் வேலை, சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு ஆசிரியை. காது மந்தமானவர்களுக்கும் காது கொடுக்காதவர்களுக்கும் நடுவில் இருபது வருடம் வளர்ந்த குரல் அவளுடையது. அவள் தொலைபேசியில் அழைத்தால் எங்கள் வீட்டில் யாரும் ஒலிபெருக்கியை அழுத்துவதில்லை.

"நிக்கிறவன் காசு குடுக்கிறான். நடக்கிறவைக்குக் காசு குடுக்கினம். அப்ப பன்றிக்கு?" என்றாள்.

"பன்றிக்கு ஒண்டுமில்லை அக்கா."

"அதுதானே பார்த்தன். நானும் வாறன்."

"சனிக்கிழமை உங்களுக்குப் பள்ளிக்கூடமெல்லோ?"

"மண்டபம் இல்லையாம். ஆருக்கோ கலியாணம்."

காலை எட்டு மணிக்குக் காட்டோர வாகனத் தரிப்பிடத்தில் நின்றோம். புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்திருந்தது. விருந்தாளிகள் பத்துப் பேர், கலைக்கிறவர்கள் எட்டுப் பேர். நாய்களுக்கும் எங்களுடையதைப் போலவே செம்மஞ்சள் மேலங்கி. அக்கா தன் மேலங்கியையும் பக்கத்தில் நின்ற சிறிய நாயின் மேலங்கியையும் மாறி மாறிப் பார்த்தாள். நாய்க்கு அளவு சரியாக இருந்தது.

ஷெஃபின் விதிகளை வாசித்தார். கலைக்கிறவர்கள் நிற்கும் திசையில் சுடக்கூடாது. கொம்பு ஊதும்வரை பரணை விட்டு இறங்கக்கூடாது. குட்டிகளோடு திரியும் தாய்ப்பன்றியை யார் சுட்டாலும் அவர் அந்த நிமிடமே வீட்டுக்குப் போகலாம், தண்டமும் கட்டலாம்.

ஒருவர் கையை உயர்த்தினார். தெற்கிலிருந்து வந்த வரி ஆலோசகர். ஐம்பது வயதிருக்கும், காலணிகள் முகம் பார்க்கலாம்போல் மினுங்கின.

"பன்றி வரும் என்பதற்கு ஏதாவது உத்தரவாதம் உண்டா?"

"பன்றிகள் என்னோடு இன்னும் ஒப்பந்தம் எழுதவில்லை," என்றார் ஷெஃபின்.

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. அவருக்கு ஏழாம் இலக்கப் பரண் கிடைத்தது.

ஆளுக்கு ஆள் இருபது அடி இடைவெளி விட்டு நடக்கத் தொடங்கினோம். மற்றவர்கள் "ஹோப், ஹோப்" என்று ஒரு தாளத்தில் கத்தினார்கள். நானும் அப்படியே கத்தினேன். அக்காவுக்கு அந்தச் சொல் ஒட்டவில்லை. நாலைந்து தரம் சொல்லிப் பார்த்துவிட்டு, தனக்குத் தெரிந்ததைத் தொடங்கினாள்.

"எழும்புங்கோ! எழும்புங்கோ! எட்டரையாச்சு! ஆர் வீட்டுப்பாடம் செய்யேல்லை? கையைத் தூக்குங்கோ!"

எனக்கு வலப்பக்கம் நடந்த முதிய விவசாயி, அக்கா என்ன சொல்கிறாள் என்று கேட்டார். மொழிபெயர்த்தேன். அவர் ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்று சிரித்துவிட்டுத்தான் மேலே நடந்தார்.

முட்பற்றை நெஞ்சளவு வளர்ந்த ஓரிடத்தில் எங்கள் வரிசை குழம்பியது. நான் முட்களில் மாட்டிக்கொண்டேன். மேலங்கியை விடுவித்துவிட்டு நிமிர்ந்தபோது, அக்கா முட்களைச் சுற்றிக்கொண்டு எங்களுக்கு முன்னால் நெடுந்தூரம் போய்விட்டிருந்தாள். அவளுக்கும் அப்பால் ஏழாம் இலக்கப் பரண் மரங்களுக்கிடையில் தெரிந்தது. அதே நேரம் இடப்பக்கத்துப் பற்றை உடைவதுபோல் சத்தம் கேட்டது. ஒன்று, இரண்டு, ஐந்து, கறுப்பாக, தலையைத் தாழ்த்தியபடி பன்றிகள் அந்தப் பரணை நோக்கி நேர்கோட்டில் ஓடின. நடுவில் அக்கா.

முன்னால் வந்த பெரியது அவளுக்குப் பத்தடி தள்ளிச் சடாரென்று நின்றது. அக்கா இடுப்பில் கை வைத்தாள்.

"என்ன?" என்றாள்.

அந்த ஒரு சொல்லுக்குப் பன்றி திரும்பியது. பின்னால் வந்த நாலும் திரும்பின. எனக்கும் விவசாயிக்கும் நடுவால், வந்த வழியே போய் மறைந்தன. அவற்றில் ஒன்றின் முதுகுமயிர் என் முழங்காலில் உரசியது.

மதியம் காட்டுக் குடிசையில் பட்டாணிச் சூப். முதல் சுற்றில் மற்றப் பரண்களில் ஆறு பன்றிகள் விழுந்திருந்தன. வரி ஆலோசகர் சூப்பைத் தொடாமல் ஷெஃபினிடம் வந்தார்.

"ஐந்து பன்றிகள் என்னை நோக்கி வந்தன. நான் துவக்கை உயர்த்துமுன் ஒரு பெண் ஏதோ ஒரு மொழியில் கத்தினாள். ஐந்தும் திரும்பிவிட்டன. எனக்குப் பாதிப் பணமாவது திரும்பக் கிடைக்க வேண்டும்."

"நீங்கள் பணம் தந்தது பன்றிக்கு அல்ல, நிற்பதற்கு," என்றார் ஷெஃபின். "அந்தப் பணத்தில்தான் குத்தகை கட்டுகிறேன். பன்றி கிளறிய சோள வயலுக்கு நட்டஈடு கொடுக்கிறேன். இறைச்சியை மிருக வைத்தியர் பரிசோதிக்கும் செலவு, பன்றி கிழித்த நாய்க்குத் தையல் போடும் செலவு, நீங்கள் குடிக்காமல் ஆறவைக்கும் இந்தச் சூப். எனக்கு மிஞ்சுவது கால்நோவு மட்டும்தான்."

"சந்தர்ப்பத்துக்குத்தான் பணம் தந்தேன். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தச் சந்தர்ப்பம் தானாகப் போகவில்லை. உங்கள் ஆள் திருப்பி அனுப்பினாள்."

குடிசையில் ஆளாளுக்குப் பேசத் தொடங்கினார்கள். காட்டில் கணக்குப் பார்க்கக்கூடாது என்றார் ஒருவர். முந்நூற்றைம்பது கொடுத்தவன் கணக்குப் பார்ப்பான்தான் என்றார் இன்னொருவர். நான் அக்காவைப் பார்த்தேன். சண்டைக்குப் போகப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள்.

"அவர் சொல்வது சரி," என்றாள் ஜெர்மன் மொழியில். "முள்ளுக்குப் பயந்து வரிசையை விட்டு நான் முன்னால் போய்விட்டேன். வரிசையில் நின்றிருந்தால் பன்றிகள் இவரிடம்தான் போயிருக்கும். பிழை என்னுடையது. என்னுடைய நாற்பது யூரோவை இவருக்குக் கொடுங்கள்."

வரி ஆலோசகருக்குக் காது சிவந்தது. பணம் வேண்டாம் என்றார். வேண்டும் என்றாள் அக்கா. வேண்டவே வேண்டாம் என்றார் அவர். விருந்துக்குப் போன இடத்தில் கடைசிக் கட்லட்டுக்கு நடக்கும் இழுபறிபோல் அது நீண்டது.

"அப்படியானால் இதைச் செய்வோம்," என்றாள் அக்கா. "பின்னேரம் நீங்கள் என் இடத்தில் நடவுங்கள். பன்றியைக் கிட்டத்தில் பார்ப்பீர்கள். நான் உங்கள் இடத்தில் நிற்கிறேன். எனக்குத் துவக்கு வேண்டாம்."

பகிடி என்றுதான் எல்லோரும் நினைத்தோம். ஆனால் அவர் ஷெஃபினைப் பார்த்து, "அனுமதி உண்டா?" என்று கேட்டார். துவக்கை வண்டியில் வைத்துப் பூட்டினால் உண்டு என்றார் ஷெஃபின்.

அப்படித்தான் அக்கா தேநீர்க் குடுவையோடு ஏழாம் இலக்கப் பரணில் ஏறினாள். மினுங்கும் காலணிக்காரர் அவளுடைய மேலங்கியைப் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றார்.

முதல் அரைமணி நேரம் அவருடைய "ஹோப்" எனக்கே கேட்கவில்லை. வங்கியில் வரிசையில் நிற்பவர் தொண்டையைச் செருமுவதுபோல் இருந்தது.

"சத்தமாக," என்றேன். "சொல் எதுவானாலும் பரவாயில்லை. உங்கள் வாயில் இலகுவாக வருவதைக் கத்துங்கள்."

சற்று யோசித்தார். மூச்சை இழுத்தார்.

"காலக்கெடு!" என்று கத்தினார். காடு அதிர்ந்தது. "காலக்கெடு முடிந்தது! மேலதிக அவகாசம் கிடையாது! ரசீதுகள் எங்கே?"

இத்தனை வருடமாக வாடிக்கையாளர்களிடம் மெல்லிய குரலில் சொன்னதையெல்லாம் மனிதர் பன்றிகளிடம் அவிழ்த்துவிட்டார். முட்பற்றை வந்தது. சுற்றிப் போகாமல் நேராக உள்ளே இறங்கினார். கன்னத்தில் கீறல், கால்சட்டையில் கிழிசல், காலணி சேற்றில் புதைந்து ஒருமுறை கழன்றும் வந்தது. பற்றைக்குள் ஏதோ உறுமியது. "இருபத்தைந்து வீதம் அபராத வட்டி!" என்று அவர் அதன்மீது பாய்ந்தார். கறுப்பு உருவங்கள் வெடித்துக் கிளம்பி, சரிவில் இறங்கி ஓடின. எங்கே ஓடுகின்றன என்று அப்போது நாங்கள் யோசிக்கவில்லை.

கொம்பு ஊதியதும் அக்காவை இறக்கப் போனோம். பரணில் அவள் அசையாமல் நின்றாள். குடுவையின் மூடியில் ஊற்றிய தேநீர் ஆறிப்போயிருந்தது.

"வந்தவை," என்றாள் என்னிடம்.

"ஆர்?"

"ஏழு பேர். தாயும் ஆறு பிள்ளையளும். இந்தா, இந்தக் கட்டையடியில. கடைசிக் குட்டி நிண்டு தேக்கங்கொட்டையோ என்னவோ பொறுக்கித் தின்னுது. தாய் திரும்பிவந்து மூக்கால ஒரு இடி குடுத்தாத்தான் போகுது."

"தேக்கு இஞ்ச இல்லை அக்கா. ஓக் கொட்டையா இருக்கும்."

"என்னவோ ஒரு கொட்டை."

வரி ஆலோசகருக்கு ஜெர்மன் மொழியில் சொன்னோம். அவர் பரணைப் பார்த்தார். தான் நடந்து வந்த சரிவைத் திரும்பிப் பார்த்தார். தன்னுடைய முந்நூற்றைம்பது யூரோப் பரணுக்குத் தானே பன்றி கலைத்து அனுப்பியிருக்கிறார் என்று அவருக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது.

"எவ்வளவு தூரத்தில்?" என்றார்.

"பன்னிரண்டு அடி," என்றாள் அக்கா. "மன்னித்துக்கொள்ளுங்கள்."

அவருடைய முகம் அழப்போவதுபோல் கோணியது. பிறகுதான் அது சிரிப்பு என்று தெரிந்தது. சேற்றில் அப்படியே உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நாய் ஒன்று வந்து அவர் முகத்தை நக்கியது.

பின்னேரம் விழுந்த பன்றிகளையும் சேர்த்துப் பதினொன்றை ஊசியிலைக் கிளைகளின்மேல் வரிசையாகக் கிடத்தினார்கள். விருந்தாளிகள் தொப்பியைக் கழற்றினார்கள், கொம்பு ஊதப்பட்டது. அக்கா மட்டும் வரிசையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை மெதுவாக நடந்தாள். முதியோர் இல்லத்தில் இரவு வேலை முடிக்குமுன் ஒவ்வொரு கட்டிலாகப் பார்ப்பாளாம். அப்படி ஒரு நடை.

"அந்த ஏழு பேரும் இதில இல்லை," என்றாள் திரும்பி வந்து.

ஷெஃபின் நாள் முழுக்க நடந்தவர்களுக்கு நாற்பது நாற்பதாகக் கொடுத்தார். பின்னேரம் நடந்த வரி ஆலோசகருக்கும் இருபது. வேலை செய்தவருக்குக் கூலி கொடுக்காமல் அனுப்ப மாட்டாராம். அக்காவுக்கும் மதியம்வரை நடந்ததற்கு இருபதுதான் என்றார். பரணுக்கு வாடகை கேட்காததே பெரிது என்று நான் அக்காவின் காதுக்குள் சொன்னேன்.

திரும்பி வரும்போது நான் வண்டியோட்டினேன். நெடுஞ்சாலையில் ஏறிய பிறகு அக்கா சொன்னாள்.

"அந்தாள் காசு குடுத்தவர். அங்க நிண்டிருந்தா அந்தக் கடைசிக் குட்டி அவருக்குக் கிடைச்சிருக்கும். அதுதான் நியாயம், என்ன?"

"ஓம்."

"கிடைக்காமல் போனதில எனக்குப் பெரிய சந்தோஷம். அப்ப நான் நியாயமில்லாத மனிசியோ?"

"சோள வயல்காரரைக் கேட்டா வேற மாதிரிச் சொல்லுவார்," என்றேன். அதையும் அவள் ஓம் என்றே ஏற்றுக்கொண்டாள். அவளால் ஒரே நேரத்தில் இரண்டு பக்கத்துக்கும் ஓம் சொல்ல ஏலும் என்பதை அன்றுதான் கண்டேன்.

அடுத்த கிழமை ஷெஃபின் பரிசோதனை முடிந்த இறைச்சியில் இரண்டு கிலோவைத் தொழிற்சாலைக் குளிர்பெட்டியில் வைத்து எனக்குத் தந்தார். அக்கா அதை வறுத்த கறித்தூள் போட்டு, அடிப்பிடிக்கிற பதத்தில் பிரட்டல் வைத்தாள். அவள் இரண்டாம் தரம் போட்டுச் சாப்பிடும்போது நான் அவளை ஒரு பார்வை பார்த்தேன்.

"இது வேற பன்றி," என்றாள்.

ஒரு வருடம் கழித்து, அடுத்த வேட்டைக்கு முன், ஷெஃபின் இடைவேளையில் ஒரு கடிதத்தோடு வந்தார். வரி ஆலோசகர் எழுதியிருந்தார். பரண் வேண்டாம், பற்றைக்குள் நடக்கிற வரிசையில் ஓர் இடம் வேண்டும், எவ்வளவு என்று கேட்டிருந்தார்.

"இவரிடம் நான் வாங்குவதா, இவருக்கு நான் கொடுப்பதா?" என்றார் ஷெஃபின்.

மணி அடிக்கும்வரை இருவரும் வாதாடினோம். வாங்கினால், நாற்பதுக்கு நடக்கும் மற்றவர்கள் என்ன நினைப்பார்கள்? கொடுத்தால், ஆசைக்கு வருகிறவருக்கு எதற்குக் கூலி? கடைசியில் வாங்குவதுமில்லை, கொடுப்பதுமில்லை, சூப் மட்டும் என்று முடிவானது.

அந்தச் சனிக்கிழமை அக்காவுக்குப் பள்ளிக்கூடம் இருந்தது. நான் மட்டும் போனேன். வரி ஆலோசகர் எனக்கு இடப்பக்கம், இருபதடி தள்ளி நின்று கையசைத்தார். நாய்களை அவிழ்த்துவிட்டதும் ஒன்றாகக் காட்டுக்குள் இறங்கினோம்.