மங்களா டீச்சரின் ஐந்தாவது டம்ளர்

"அத்தை போயிட்டாங்க சார்" என்று போன மாதம் தொலைபேசியில் சொன்னவர் மார்க், மங்களா டீச்சரின் அமெரிக்க மாப்பிள்ளை. செய்தி நெஞ்சில் இறங்க ஒரு நிமிடம் ஆயிற்று. அதற்குள் ஓர் அற்பப் பெருமையும் எட்டிப் பார்த்தது. 'அத்தை' என்று கூப்பிடவும் 'போயிட்டாங்க' என்று மரியாதை வைக்கவும் அவருக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான்தான்.

பாபநாசத்தில் எங்கள் பள்ளியில் டீச்சர் அறிவியல், நான் தமிழ். ஆசிரியர் அறையில் இருபத்திரண்டு வருடம் பக்கத்து நாற்காலி. அவரிடம் படித்தவர்களுக்கு அந்தக் குரல் மறந்திருக்காது: "ரெக்கார்டு நோட்டுல தப்பை அடிக்காதே. தப்புன்னு எழுதி வை." அடித்து மறைத்த நோட்டு எதிலும் அவர் கையெழுத்துப் போட்டதில்லை.

மூன்று வருடம் முன்பு மகள் சுதாவும் மார்க்கும் ஊருக்கு வந்திருந்தார்கள். மார்க்கின் அம்மா இறந்து முதல் வருடம் முடியும் நாள் அந்த விடுமுறையில் வந்தது. அன்று தன் அம்மா செய்யும் 'சில்லி'யைச் செய்ய வேண்டும் என்று அவருக்கு ஆசை. "கடையில சிவப்பா வறுத்துத் தர்றாங்களே, அதுவா?" என்று கேட்டு டீச்சரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். தக்காளியும் மிளகாய்த்தூளும் போட்டுக் கொதிக்கவிடும் கெட்டிக் குழம்பாம். அதில் பீன்ஸ் முக்கியமாம்.

டீச்சர் முந்தின நாளே கடைத்தெருவுக்குப் போய் ஒரு கிலோ பீன்ஸ் வாங்கி, பொடியாக நறுக்கியும் வைத்துவிட்டார். அந்தப் பச்சைத் துண்டுகளைப் பார்த்து மார்க் திருதிருவென்று விழித்தார். அவர் ஊரில் பீன்ஸ் என்றால் காய்ந்த பயறு. சரி, எந்தப் பயறு? அதுதான் அவருக்குத் தெரியவில்லை. அம்மா இருந்தவரை கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. அதைச் சொல்லும்போது அவர் முகம் வாடிப்போயிற்று.

"சூப்பர் மார்க்கெட்ல ராஜ்மா கிடைக்குது. அதைப் போட்டு முடிங்க டீச்சர்" என்றேன்.

சுள்ளென்று விழுந்தார். "இது அவர் அம்மாவுக்குத் திதி சார். ஏதோ ஒரு பயறுன்னு எப்படிப் போடறது?"

"திதின்னா வெங்காயம் பூண்டு ஆகாதே?"

"அவங்க போட்டாங்கல்ல? அப்ப அதுதான் விதி."

மறுநாள் அவர் சமையலறை பள்ளி ஆய்வகமாகிவிட்டது. ராஜ்மா, காராமணி, கொண்டைக்கடலை, மொச்சை எல்லாம் தனித்தனியே ஊறி, வெந்து, நான்கு டம்ளர்களில் பெயர்ச் சீட்டோடு நின்றன. ஐந்தாவது டம்ளரில் நறுக்கிய பச்சை பீன்ஸ். அதன் சீட்டில் 'பீன்ஸ் – என் தவறு' என்று எழுதியிருந்தார்.

மாப்பிள்ளையைக் கண்ணை மூடச் சொல்லி ஒவ்வொன்றாகக் கொடுத்தார். முதல் மூன்றுக்கும் மார்க் இல்லையென்று தலையாட்டினார். மொச்சையை வாயில் போட்டவர் மெல்லுவதை நிறுத்தினார். மூடிய கண்ணிலிருந்து நீர் வழிந்தது. "அம்மா" என்றார், தமிழிலேயே.

"அடுப்பைப் பத்த வைங்க மாப்பிள்ளை" என்றார் டீச்சர்.

முதல் கரண்டியை மதில்மேல் இலையில் மார்க்கையே வைக்கச் சொன்னார். காக்கை வந்து மொச்சையைக் கொத்தியபோது டீச்சர் என்னை ஒரு பார்வை பார்த்தார். மாநிலத்தில் முதலிடம் வாங்கிய பிள்ளையின் தாய்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டாள்.

டீச்சரின் பதினாறாம் நாள் காரியத்துக்குப் போயிருந்தேன். மார்க் வந்து, "அத்தைக்கு எந்தப் பயறு சார் பிடிக்கும்?" என்றார். சுதா தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியும். மதியச் சாப்பாட்டில் எதைக் கேட்டாலும் கொடுப்பவர், காராமணிச் சுண்டல் இருக்கும் நாளில் மட்டும் டப்பாவை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வார். "காராமணி" என்றேன். என் வாழ்நாளில் எந்தக் கேள்விக்கும் அவ்வளவு பெருமையோடு பதில் சொன்னதில்லை.

டீச்சர் பத்திரமாக வைத்திருந்த ஐந்தாவது டம்ளரின் சீட்டை அன்று சுதாவிடம் கேட்டு வாங்கிவந்தேன். என் மூக்குக்கண்ணாடிக் கூட்டில் வைத்திருக்கிறேன். அவர் எழுத்துக்குக் கீழே நானும் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: 'ராஜ்மா – என் தவறு.'