பின்வரிசையில் இருந்த இரண்டு கலர் பாட்டில்

1. மூன்று நாற்பத்திரண்டு

பிற்பகல் மூன்று மணி நாற்பத்திரண்டு நிமிடம். என் கைபேசியின் அழைப்புப் பட்டியலில் அந்த நேரம் இன்னும் இருக்கிறது. எத்தனையோ முறை அழிக்கப் பார்த்தேன். விரல் போகவில்லை.

அப்போது நான் காங்கேயத்தில், ஒரு தேங்காய் எண்ணெய் ஆலையில் சாம்பிள் எடுத்துக்கொண்டிருந்தேன். உணவுப் பாதுகாப்பு அலுவலராக எனக்கு இது பத்தொன்பதாவது வருடம். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். சாம்பிளை நான்கு பங்காகப் பிரித்து, சீல் வைத்து, சாட்சியின் கையெழுத்து வாங்கி முடிக்கும்வரை நடுவில் எழுந்து போகக்கூடாது. போனால் கேஸ் நிற்காது.

மூன்றாவது பாட்டிலுக்கு அரக்கு உருக்கும்போது கைபேசி அடித்தது. எண்ணைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. பல்லடத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு எதிரே இருக்கும் பெட்டிக்கடை. முந்தைய வாரம்தான் அந்தக் கடையிலிருந்து கலர் சோடா பாட்டில்களைப் பறிமுதல் செய்து எடுத்து வந்திருந்தேன். திருப்பிக் கேட்கத்தான் இன்னொரு தடவை கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து கட் செய்தேன். உடனே மறுபடி அடித்தது. மறுபடி கட் செய்தேன். ஆலைக்காரர் சிரித்தார். "தொந்தரவுங்களா சார்?" என்றார். "தினமும் இதே ரோதனைதானுங்க" என்றேன்.

மூன்று ஐம்பத்தொன்றுக்கு என் மனைவி சுமதி கூப்பிட்டாள்.

"ஏனுங்க, பாப்பா உழுந்துட்டாளுங்க. ஸ்கூலுக்கு எதுத்தாப்புல. ஆட்டோவுல ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டிருக்கறோம். கண்ணே தொறக்கமாட்டேங்கறா. சீக்கிரம் வாங்க."

நான்காவது பாட்டிலுக்குச் சீல் வைக்கவில்லை. எழுந்துவிட்டேன். பத்தொன்பது வருடத்தில் அதுதான் முதல் தடவை.

என் மகள் தாரணிக்குப் பதினான்கு வயது. பதினொரு வயதில் டைப் ஒன் சர்க்கரை வந்தது. தினமும் நான்கு ஊசி. வெளியே இருப்பவர்களுக்குச் சர்க்கரை ஏறுவதுதான் பயம். எங்கள் வீட்டில் இறங்குவதுதான் பயம். இறங்கினால் கை நடுங்கும், வேர்க்கும், பேச்சு குழறும். அந்தச் சில நிமிடங்களுக்குள் இனிப்பாக ஏதாவது உள்ளே போக வேண்டும். போகாவிட்டால் நினைவு தப்பும். அதற்கு மேலும் நேரமானால் என்ன ஆகும் என்பதை டாக்டர் ஒரு தடவை சொல்லியிருக்கிறார். நான் இரண்டாவது தடவை கேட்டதில்லை.

2. டேப் பிடித்த கதை

பள்ளி வாசலிலிருந்து ஐம்பது மீட்டருக்குள் கலர், சாக்லேட், பாக்கெட் நொறுக்கு எதுவும் விற்கக்கூடாது என்பது விதி. விதி வந்து சில வருடங்கள் ஆகின்றன. தீவிரமாகப் பிடிக்கச் சொல்லி மேலே இருந்து உத்தரவு வந்தது இந்த வருடம்தான். நானும் தூரம் அளக்கும் டேப்பை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

அடுத்த மூன்று மாதத்தில் என் மண்டை காய்ந்துபோனது. போகிற இடமெல்லாம் ஒரு வக்கீல் இருந்தார்.

பொள்ளாச்சி ரோட்டில் ஒரு கரும்புச்சாறு வண்டிக்காரர் கேட்டார்: "இது கலருங்களா, சாறுங்களா? சாறுன்னா வுடுங்க. கலருன்னா கரும்பை ஜெயிலுக்குக் கூட்டிட்டுப் போங்க." பக்கத்தில் இளநீர் வெட்டிக்கொண்டிருந்தவர் அருவாளைக் கீழே வைக்காமலே, "நம்முளுதும் இனிப்புத்தானுங்க சார், பாத்து எழுதிக்கோங்க" என்றார். சுற்றி நின்ற பத்துப் பேரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெயில் மண்டையைப் பிளந்தது.

கோழிப்பண்ணை வைத்திருக்கும் ஒருவர் தன் மகனை அழைத்துப்போகக் காரில் வந்திருந்தார். இறங்கி வந்து சண்டைக்கே நின்றார்.

"எம் பையன், எங் காசு, அவன் வாயி. நடுவுல நீங்க ஆருங்க?"

"பையனுக்கு நல்லதுக்குத்தானுங்க."

"பெரியாளுங்க குடிக்கறதுக்குத் தெருவுக்குத் தெரு ஒயின்ஷாப்பு தொறந்து வெச்சுப்போட்டு, பொடுசுக கலரு குடிச்சா டேப்பத் தூக்கிட்டு வர்றீங்களாக்கும்?"

டேப்பைச் சுருட்டிக்கொண்டேன். ஆனாலும் எட்டாம் வகுப்புப் பையன்கள் மதியச் சோற்றைக் கொட்டிவிட்டு ஆளுக்கு ஒரு பாட்டில் குடிப்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குச் சுதந்திரம் என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கையில் காசும் எதிரில் ஃபிரிட்ஜும் இருந்தால் பதின்மூன்று வயதில் எதை யோசித்து முடிவு எடுக்க முடியும்? அப்படித்தான் கேட்டேன். இப்போதும் கேட்பேன்.

3. "அது ரெண்டு மட்டும்"

தாரணி படிக்கும் பள்ளிக்கு எதிரே ருக்மணி அம்மாவின் கடை. ஐம்பது வயது இருக்கும். வாய் கொஞ்சம் நீளம். நான் டேப் பிடித்தபோது அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர், "காக்கா பறக்கற தூரமுங்களா, புள்ளைங்க நடக்கற தூரமுங்களா?" என்று கேட்டார். எப்படி அளந்தாலும் நாற்பத்திரண்டு மீட்டர்தான் வந்தது. அதே வரிசையில் அடுத்த கடை ஐம்பத்து மூன்று. அந்தக் கடைக்காரர் டேப்பைப் பார்த்துவிட்டுக் கும்பிடே போட்டார். மறுநாளே இன்னொரு ஃபிரிட்ஜ் இறக்கினார். பதினோரு மீட்டரில் ஒருவருக்கு யோகம், ஒருவருக்கு நோட்டீஸ்.

ருக்மணி அம்மாவுக்கு முதலில் நோட்டீஸ் கொடுத்தேன். அதன் அடியில் என் கைபேசி எண் இருக்கும். இரண்டாவது முறை போனபோதும் ஃபிரிட்ஜில் பாட்டில் இருந்தது. என்னென்ன எடுக்கிறோம் என்று மகஜர் எழுதி எல்லாவற்றையும் ஜீப்பில் ஏற்றச் சொன்னேன். சாக்லேட், மிட்டாய் டப்பா எல்லாம் ஏறின. கடலை மிட்டாயை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்றேன். முன்வரிசை முடிந்து பின்வரிசைக்குக் கை போனபோது அந்த அம்மா குறுக்கே வந்தார். அங்கே ஆரஞ்சுக் கலர் இரண்டு பாட்டில் தனியாக, ஒரு துணி சுற்றி இருந்தன.

"சார், அது ரெண்டு மட்டும் வெச்சுட்டுப் போங்க. விக்கறதுக்கில்லீங்க. ஒரு புள்ளைக்கு வேணும்."

"எந்தப் புள்ளைக்கு?"

"பேரு தெரியாதுங்க. வாரம் ரெண்டு தடவ வரும். கை நடுங்கும். கேட்டா பசிங்கும். குடிச்சா தெளிஞ்சுபோயிரும்."

நான் என்ன செய்திருக்க வேண்டும்? இந்த வேலையில் இருக்கும் நான் மட்டுமல்ல, அந்தப் பள்ளியில் பிள்ளையைச் சேர்த்திருக்கும் நான். கை நடுங்கும், குடித்தால் தெளியும் என்பதற்கு என்ன அர்த்தம் என்று மூன்று வருடமாகத் தூக்கத்தில்கூடச் சொல்லக்கூடிய நான். அந்த மூன்று மாதத்தில் எத்தனை காரணம் கேட்டிருந்தேன்! விருந்தாளிக்கு வைத்தது, மாமியாருக்கு மயக்கம் வரும், சாமிக்குப் படைக்க வாங்கியது. அதோடு இதையும் சேர்த்துவிட்டேன்.

"ஆளாளுக்கு ஒரு கதைங்க" என்றேன். அந்த இரண்டையும் எடுத்துக்கொண்டேன். துணியை மட்டும் திருப்பிக் கொடுத்தேன்.

4. எங்கள் வீட்டு உத்தரவு

இதையும் எழுதாவிட்டால் இந்தக் குறிப்புக்கு அர்த்தம் இல்லை.

தாரணிக்குச் சர்க்கரை என்பது பள்ளியில் யாருக்கும் தெரியாது. நாங்கள் சொல்லவில்லை. ஊசி போடுகிற பெண் என்று பெயர் வந்துவிட்டால் நாளைக்கு ஒரு நல்ல இடத்தில் பேச முடியுமா என்று சுமதியின் அம்மா வீட்டில் பேச்சு வந்தது. நானும் தலையாட்டினேன். படித்தவன், அரசு அலுவலன், ஆட்டினேன். மதிய ஊசியைப் பள்ளிக் கழிப்பறையில் போட்டுக்கொள்ளச் சொன்னோம். பென்சில் பாக்ஸில் குளுக்கோஸ் பாக்கெட் வைத்து அனுப்பினோம். "ஆராச்சும் கேட்டா சத்துமாவுன்னு சொல்லிரு கண்ணு" என்று சொல்லிக் கொடுத்தது நான்தான்.

அவள் அந்தப் பாக்கெட்டைப் பிரிப்பதே இல்லை என்பது எங்களுக்குத் தெரியாது.

5. பதினோரு மீட்டர்

காங்கேயத்திலிருந்து எப்படி வந்தேன் என்று நினைவில்லை. ஜீப் டிரைவர் இரண்டு தடவை, "சார், அழுவாதீங்க சார்" என்றார். அழுதேன் போலிருக்கிறது.

ஆஸ்பத்திரியில் தாரணி கண் விழித்திருந்தாள். கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. வலது புருவத்துக்கு மேல் மூன்று தையல். சுமதி கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் வந்து நின்றும் என் பக்கம் திரும்பவில்லை.

நடந்ததைத் துண்டு துண்டாகத் தெரிந்துகொண்டேன். கடைசிப் பீரியட் விளையாட்டு. பெல் அடித்ததும் நடுக்கம் தொடங்கி, சாலையைக் கடந்து ருக்மணி அம்மாவின் கடைக்குப் போயிருக்கிறாள். ஃபிரிட்ஜில் தண்ணீரும் மோரும்தான் இருந்தன. ருக்மணி அம்மா கடலை மிட்டாயைக் கொடுத்தார், வாயில் வைத்தும் மெல்ல முடியவில்லை. அவளைப் படியில் உட்காரவைத்துவிட்டு அந்த அம்மா ஐம்பத்து மூன்று மீட்டர் கடைக்கு ஓடியிருக்கிறார். பள்ளி விட்ட நேரம். மொத்தப் பிள்ளைகளும் அங்கேதான் நின்றார்கள், நான் நகர்த்தி வைத்த கூட்டம் அது. இடித்துக்கொண்டு உள்ளே போய் ஒரு பாட்டிலை வாங்கித் திரும்புவதற்குள் இவள் படியிலிருந்து சரிந்துவிட்டாள். அப்புறம் பாட்டில் இருந்தும் குடிக்கிற நிலையில் அவள் இல்லை. பக்கத்திலேயே இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து சுமதி ஓடி வந்து ஆட்டோவில் ஏற்றியிருக்கிறாள்.

டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஸ்கூல்ல யாருக்குத் தெரியும் இவளுக்கு டயபடீஸ்னு?"

"யாருக்கும் தெரியாதுங்க மேடம்."

"நீங்க ஃபுட் சேஃப்டில இருக்கறதா உங்க மிஸஸ் சொன்னாங்க. பாக்கெட்டுக்குள்ள என்ன இருக்குன்னு வெளியில எழுதலைன்னா நோட்டீஸ் குடுப்பீங்க, இல்லைங்களா?"

"ஆமாங்க."

"நல்லாத்தான் குடுக்கறீங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைப் பார்க்கப் போய்விட்டார்.

தாரணியின் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஏங் கண்ணு, பென்சில் பாக்ஸ்ல குளுக்கோஸ் இருந்துச்சில்ல?"

"அதைப் பிரிச்சா எல்லாரும் என்னன்னு கேக்கறாங்கப்பா. கலரு குடிச்சா ஒருத்தரும் கேக்கமாட்டாங்க. எல்லாரும் குடிக்கறதுதான."

அப்புறம் அவளே கேட்டாள். "அந்தக் கடையில எடுத்துட்டுப் போனது நீங்களாப்பா?"

"ஆமா கண்ணு."

"தெரியாம நான் அந்த ஆபீசரை நல்லா திட்டிப்போட்டேன்."

"திட்டு. இன்னும் ரெண்டு திட்டு" என்றேன். சுமதி அப்போதுதான் முதல் முறையாக என் பக்கம் திரும்பினாள்.

விதி தப்பு என்று எழுத நான் வரவில்லை. டேப்பை இன்னும் நான் வீசிவிடவில்லை. ஆனால் இளைய அலுவலர்களுக்கு இதைச் சொல்லியாக வேண்டும். கடைக்காரர்கள் நூறு காரணம் சொல்வார்கள். தொண்ணூற்றொன்பது பொய்யாக இருக்கும். நூறாவதையும் நின்று கேளுங்கள். எந்தப் பிள்ளை, எத்தனை மணிக்கு வரும், என்ன செய்கிறது என்று இன்னும் இரண்டு கேள்வி கேட்க ஒரு நிமிடம் ஆகும். ஒரு கடையை மூட வைக்கிற அதிகாரம் நம் கையில் இருக்கிறது. அந்த ஒரு நிமிடத்துக்கு மட்டும் நமக்குப் பொறுமை இல்லை. அடுத்தவர் பிள்ளை எதைக் குடிக்கலாம் என்று முடிவு செய்தேன். என் பிள்ளை எதைச் சொல்லக்கூடாது என்றும் நானே முடிவு செய்தேன். இரண்டுக்கும் நடுவில் அவளுக்கென்று இருந்தது ஒரு ஃபிரிட்ஜின் பின்வரிசைதான். அதையும் நானே போய் எடுத்தேன்.

ஆறு மணி சுமாருக்கு வார்டு வாசலில் ருக்மணி அம்மா வந்து நின்றார். கடையைப் பூட்டிவிட்டு பஸ்ஸில் வந்திருக்கிறார். தோளில் தாரணியின் பள்ளிப் பை. ஆட்டோவில் ஏற்றிய அவசரத்தில் கடைப் படியிலேயே விட்டுப் போயிருந்தார்கள்.

நான் எழுந்து நின்றேன். "நீங்க போன் பண்ணுனப்ப நான் கட் பண்ணிப்போட்டேனுங்க" என்றேன்.

"தெரியுமுங்க. புள்ள அப்பன் நெம்பருன்னு ஒவ்வொண்ணாச் சொல்லுச்சு. நான் அமுக்கி முடிச்சா போன்ல, உங்களுக்குன்னு போட்டு வெச்சிருந்த 'பாட்டல் சார்'ங்கற பேரு வருது. தப்பா அமுக்கிட்டனாட்ட இருக்குதுன்னு மறுக்காவும் அமுக்குனனுங்க. அப்பவும் நீங்கதான் வந்தீங்க. அப்புறம்தான் அம்மா நெம்பரச் சொல்லுச்சு, அதோட பேச்சு நின்னுபோச்சு."

பையைக் கட்டிலின் கால்மாட்டில் வைத்தார். தாரணியின் நெற்றித் தையலைக் குனிந்து பார்த்தார். "பேரு என்ன அம்மணி?" என்று கேட்டார். தாரணி என்னைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்க்காமலே பேரைச் சொன்னாள். என்ன நோய் என்பதையும் சொன்னாள். பக்கத்துக் கட்டிலுக்கும் கேட்டிருக்கும்.

ருக்மணி அம்மா அதற்குத் தலையை மட்டும் ஆட்டினார். என் பக்கம் திரும்பினார்.

"சண்டைக்கு வரலீங்க சார். திங்கக்கிழமை பள்ளிக்கூடம் இருக்குதுங்களே. அந்த ரெண்டு பாட்டல எங்க வெக்கோணும்னு நீங்களே சொல்லிப்போடுங்க. அங்கயே வெச்சுக்கறேன்."