பதினேழாம் நம்பர் டிரைவர் ஊர் சுற்றிய வாரம்

டெப்போவில் அவரைப் பெயர் சொல்லிக் கேட்டால் யாரென்று இரண்டு பேராவது விழிப்பார்கள். 'சலாம்' என்றால் போதும், கை காட்டிவிடுவார்கள். இருபத்திரண்டு வருடமாகப் பதினேழாம் நம்பர் பஸ் ஓட்டுகிறவர். எதிரே இன்னொரு பஸ் வந்தால் டிரைவர்கள் கை தூக்கிக்கொள்வது பழைய வழக்கம். மற்றவர்கள் ஸ்டீயரிங்கிலிருந்து இரண்டு விரலை எடுத்துக் காட்டிவிட்டுப் போவார்கள். இவர் அப்படிக் கஞ்சத்தனம் பண்ணுகிற ஆள் இல்லை. கையைத் தோளுக்கு மேல் தூக்கி, உள்ளங்கையை விரித்து, எதிரே வருகிறவர் தனக்கு ஆகாதவராக இருந்தாலும் ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டுத்தான் விடுவார். ஒரு நாளைக்கு அறுபது, எழுபது சலாம் தேறும். 'பேசாம எலெக்ஷன்ல நின்னுடு' என்று கிண்டல் செய்யாதவர்கள் டெப்போவில் கிடையாது.

அந்தக் கைதான் இப்போது அவரைத் தூங்கவிடாமல் செய்துகொண்டிருந்தது.

சனிக்கிழமை காலை பதினோரு மணி. தபால் நிலைய வளைவுக்கு முன்னால் எதிரே ஒரு பதினேழு வந்தது. அதை ஓட்டி வந்தவர் அவருடைய மனைவியின் தம்பி. இவர் சிபாரிசில் வேலைக்குச் சேர்ந்தவர், இவர் 'மாப்பிள்ளை' என்று கூப்பிடுகிறவர். மாப்பிள்ளையைப் பார்த்ததும் சலாம் வழக்கத்தைவிடத் தாராளமாகவே கை தூக்கினார். கையோடு கண்ணும் போனது. ஒரு நொடி, மிஞ்சிப்போனால் ஒன்றரை நொடி. கண் சாலைக்குத் திரும்புவதற்குள் வண்டியின் முன்மூலை ஒரு பெண்ணை இடித்துத் தள்ளிவிட்டது. வளைவு என்பதால் வண்டி மெதுவாக வந்தது, அதனால் உயிர் பிழைத்தாள். தொடை எலும்பு முறிந்தது, தலையிலும் அடி. எதிர்ப்புறத்து ரொட்டிக் கடையில் வேலை செய்கிறவள்.

'அந்தப் பொண்ணுதான் திடீர்னு இறங்கிடுச்சு' என்று பஸ்ஸில் இருந்தவர்கள் சொன்னார்கள். எதிர்வண்டிக் கேமராவில் இவர் வண்டியின் முன்கண்ணாடி முழுக்க வெயில் பளபளப்புதான் தெரிந்தது. மாப்பிள்ளை, 'அவர் சாலையைப் பார்த்தபடிதான் ஓட்டி வந்தார்' என்று எழுதிக் கொடுத்தார். சலாமின் வாக்குமூலத்தை டெப்போ மேலாளரே எழுதினார். இவர் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு விசாரணை. அதுவரை வண்டியைத் தொடக் கூடாது.

அவர் மனைவிக்குப் பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை. வசந்த விடுமுறை என்பதால் அவளும் வீட்டில்தான் இருந்தாள். கணவர் பாத்திரம் கழுவும் தொட்டியருகே நின்று வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பது அவளுக்குப் பொறுக்கவில்லை. பஸ்ஸில் இலவசமாகக் கொடுக்கிற செய்தித்தாளில், இந்த வசந்த வாரத்தில் நகரில் எங்கெல்லாம் போகலாம் என்று ஒரு பக்கம் போட்டிருந்தார்கள். அதைக் கத்தரித்துக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டினாள்.

"எத்தனை வருஷமா இந்த ஊர்ல குப்பை கொட்டறோம். அந்தப் பழைய மணிக்கூண்டுக் கோபுரத்துல ஒரு தடவை ஏறியிருக்கோமா?"

"தினம் நாலு தடவை அது வாசல்ல வண்டியை நிறுத்தறேனே."

"நிறுத்தினா ஏறின மாதிரியா? கிளம்புங்க."

ஞாயிற்றுக்கிழமை பெரிய பூங்காவுக்குப் போனார்கள். ஊரே அங்கேதான் இருந்தது. மரங்கள் இலையை மறந்துவிட்டுப் பூவாகக் கொட்டிக்கொண்டிருந்தன. மனைவி அவரைப் பூவுக்கு முன்னால் நிறுத்திப் படம் எடுத்தாள். எல்லாப் படத்திலும் அவர் வேலிக்கு அந்தப் பக்கம் போகிற பஸ்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை அருங்காட்சியகம். செத்துப்போன மிருகங்களின் எலும்பைக் கோத்து நிறுத்தி வைத்திருந்த கூடத்தில், ஒரு தொடை எலும்பைக் கண்டதும் வந்த வழியே திரும்பினார். உட்காரப் பெஞ்சு தேடினார்.

செவ்வாய்க்கிழமை ஆற்றில் படகு. படகுத்துறை வரை வந்துவிட்டு, வயிறு சரியில்லை என்று சாக்குச் சொன்னார். அவளை மட்டும் ஏற்றி அனுப்பிவிட்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போனார். எதற்காகப் போகிறோம் என்று அவருக்கே தெரியவில்லை. பார்க்காமல் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

மூன்றாம் மாடியில் ஜன்னலோரக் கட்டில். காலைத் தூக்கிக் கட்டியிருந்தார்கள். நாற்பது வயது இருக்கும். பஸ் டிரைவர் என்று சொன்னதும் அவள் கலங்கிப்போனாள்.

"நீங்க எதுக்கு வந்தீங்க? உங்களுக்கு என்னால எவ்வளவு தொல்லை. மன்னிச்சுக்கோங்கண்ணே."

சலாம் மருந்து வாசனைக்கு நடுவே நின்றுகொண்டு கையைப் பிசைந்தார்.

"ஒண்ணு மட்டும் கேக்கணும். மறைக்காம சொல்லுங்க. நான் ஓரத்துல நின்னப்போ நீங்க என்னைப் பாத்துக் கையைத் தூக்கினீங்க. போ போன்னு சொல்ற மாதிரி. சிரிச்சீங்க கூட. நல்ல மனுஷர், நமக்காக நிறுத்தறாருன்னு நினைச்சுத்தான் இறங்கினேன்."

அவர் ஜன்னல் பக்கம் பார்வையைத் திருப்பினார்.

"அப்படி எதுவும் நடக்கலையாம். எதிர்ல வந்தவரே எழுதிக் குடுத்திருக்காராம். தலையில அடிபட்டா இல்லாதது எல்லாம் இருந்த மாதிரி தோணும்னு டாக்டர் சொல்றார். எனக்கு அதுதான் பயமா இருக்கு. காலு கூடிடும். நடக்காத ஒண்ணு இவ்வளவு தெளிவா கண்ணு முன்னால நிக்குதுன்னா, என் புத்தி பேதலிச்சுப் போச்சுன்னுதானே அர்த்தம்? நேத்து என் மகளோட பள்ளிக்கூடத்துப் பேர் சட்டுனு வரலை. அழுதுட்டேன். நீங்கதான் சொல்லணும். தூக்கினீங்களா?"

இப்போதாவது சொல்லியிருக்கலாம். 'ஆமாம்மா' என்று ஒரு வார்த்தை. அவர் சொல்லவில்லை. அந்த நேரம் பார்த்து நர்ஸ் உள்ளே வந்தாள். "உடம்பைப் பாத்துக்கோங்க" என்று மென்று விழுங்கிவிட்டு வெளியே வந்தார். மனிதர் கோழை இல்லை. வண்டியில் புகை வந்தபோது ஐம்பது பேரை இறக்கிவிட்டுக் கடைசியாக இறங்கியவர். ஆனால் அன்றைக்குக் கோழையாகத்தான் நடந்துகொண்டார், அதைப் பூசி மெழுக வேண்டியதில்லை. படிக்கட்டில் இறங்கும்போது வலது கையைச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டார்.

மறுநாள் கோபுரம். நூற்றுப்பத்து படி ஏறி, மூச்சு வாங்கிக்கொண்டு, மேலே போய் நின்றார்கள். மனைவி தங்கள் தெருவைத் தேடினாள். அவர் கண்ணுக்குப் பதினேழாம் நம்பர்தான் பட்டது. தீப்பெட்டி அளவில் இரண்டு பஸ்கள் பாலத்தின் மேல் ஒன்றையொன்று கடந்து போயின.

"கை தூக்கினேன்" என்றார்.

"யாருக்கு?"

"உன் தம்பிக்கு. சனிக்கிழமை."

எல்லாவற்றையும் சொன்னார். ஆஸ்பத்திரிக்குப் போனதையும் சொன்னார். காற்று பலமாக அடித்தது. அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"தம்பிக்கு இது தெரியுமா?"

"தெரிஞ்சுதான் எழுதிக் குடுத்திருக்கான். எனக்காக."

"இப்ப நீங்க போய் உண்மையைச் சொன்னா, அவன் எழுதினது பொய்னு ஆயிடும். உங்க வேலையோட அவன் வேலையும் போகும். ரெண்டாவது குழந்தை பிறந்து ரெண்டு மாசம்கூட ஆகலை."

"தெரியும்."

"தெரிஞ்சும் என்கிட்ட ஏன் சொல்றீங்க?" என்று கேட்டுவிட்டு அவள் அழுதாள். பக்கத்தில் படம் எடுத்துக்கொண்டிருந்தவர்கள் நாகரிகமாக நகர்ந்து போனார்கள்.

அன்று மாலையே அவள் தம்பிக்குப் போன் செய்திருக்க வேண்டும். ஏழு மணிக்கெல்லாம் மாப்பிள்ளை வந்துவிட்டார், யூனிஃபார்மைக்கூட மாற்றாமல்.

"மாமா, நீங்க கை தூக்கலை. நான் பாக்கலை. முடிஞ்சு போச்சு."

"அந்தம்மா பாத்திருக்காங்கடா."

"அவங்களுக்குத் தலையில அடி."

"அதைத்தான் நானும் சொல்றேன். அடிபட்ட தலைக்கு இருக்கற ஞாபகம், அடிபடாத நம்ம ரெண்டு பேருக்கு இல்லையா?"

மாப்பிள்ளை கொடுத்த டீயைக் குடிக்காமலேயே எழுந்து போனார்.

வியாழக்கிழமை நகரச் சதுக்கத்தில் இலவசக் கச்சேரி என்று அந்தத் தாளில் போட்டிருந்தது. மனைவி படுத்தே கிடந்தாள். சலாம் தனியாகக் கிளம்பினார், ஆனால் சதுக்கத்துக்குப் போகவில்லை. முதல் நிறுத்தத்தில் பதினேழில் ஏறி, டிரைவருக்குப் பின்னால் முதல் இருக்கையில் உட்கார்ந்தார். ஓட்டியது புதிதாகச் சேர்ந்த ஒரு பெண். இவரைக் கண்ணாடியில் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தாள்.

நூலகத் திருப்பத்தில் எதிரே ஒரு பஸ் வந்தது. அவள் கை ஸ்டீயரிங்கிலேயே இருந்தது. எதிரே வந்தவரும் கை தூக்கவில்லை. பாலத்தில் இன்னொன்று. அதை ஓட்டியவர் இவருடன் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர். அவரும் பொம்மை மாதிரி நேரே பார்த்தபடி போனார். ஏழாவது வண்டிக்குமேல் சலாமால் பொறுக்க முடியவில்லை. சிக்னலில் நின்றபோது குனிந்து கேட்டார்.

"ஏம்மா, யாரும் கை தூக்கறதில்லையா?"

அவள் திரும்பாமலே தணிந்த குரலில் சொன்னாள். "உங்களுக்காகத்தான் சார். விசாரணை முடியற வரைக்கும் யாரும் தூக்க வேணாம்னு டெப்போவுல பேசி வெச்சிருக்கோம். ஆபீஸர் யாராவது பாத்து, இதென்ன பழக்கம்னு கேட்டா உங்களுக்குச் சிக்கலாயிடும்."

நல்ல எண்ணம்தான். இருநூறு டிரைவர்கள் அவர் ஒருவருக்காகக் கையைக் கட்டிக்கொண்டு ஓட்டுகிறார்கள். மூன்றாம் மாடியில் ஒருத்தி தனக்குப் பைத்தியம் பிடிக்கிறதோ என்று பயந்துகொண்டு படுத்திருக்கிறாள். அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கி வீடுவரை நடந்தார். கூனிக்குறுகித்தான் நடந்தார்.

வெள்ளிக்கிழமை காலை எழுந்தபோது யூனிஃபார்ம் சட்டை தேய்த்து நாற்காலியில் மாட்டியிருந்தது. மனைவிக்குக் கண் வீங்கியிருந்தது.

"அந்தப் பொண்ணு இடத்துல என்னை வெச்சுப் பாத்தேன். தூக்கமே வரலை" என்றாள். "தம்பிகிட்ட நான் பேசிக்கறேன். திட்டுவான், திட்டட்டும்."

விசாரணை அறையில் நீள மேசை, மூன்று அதிகாரிகள். ஓரத்து நாற்காலியில் மாப்பிள்ளை தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். நடுவில் இருந்த அம்மையார் வாக்குமூலங்களை மளமளவென்று படித்தார். சலாமைப் பார்த்து அனுதாபத்தோடு சிரித்தார். எல்லோருக்குமே சீக்கிரம் முடித்துவிட வேண்டும் போலிருந்தது.

"பாதசாரி கவனமில்லாம இறங்கியிருக்காங்க. டிரைவர் மேல தவறு இல்லை. மனக்குழப்பத்துல அவங்க ஏதோ சொல்றாங்க, அதை நாம எடுத்துக்க வேண்டியதில்லை. திங்கட்கிழமையிலிருந்து வண்டியை எடுக்கலாம்." பேனாவை மூடப் போனார்.

சலாம் வலது கையைத் தோளுக்கு மேல் தூக்கினார். உள்ளங்கை விரிந்திருந்தது.

"ஏதாவது கேக்கணுமா?"

"இல்லைம்மா. இப்படித்தான் தூக்கினேன்."

"எப்போ?"

கையை அவர் இறக்கவில்லை. மாப்பிள்ளை நிமிர்ந்து பார்த்தார்.

"அந்தம்மா ஓரத்துல நின்னுக்கிட்டு என்னையே பாத்தப்போ. அவங்க புத்திக்கு ஒண்ணும் இல்லை. முதல்ல அவங்களுக்குப் போன் பண்ணி அதைச் சொல்லிடுங்க. மத்தது அப்புறம் பேசலாம்."