கப்பலை நிறுத்தச் சொன்ன இரண்டு மாதம்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். சில்லறை தராத கண்டக்டரை விட்டதில்லை, சிட்டாவுக்கு மூன்று தடவை இழுத்தடித்த தாலுகா ஆபீஸ் ஆளையும் விட்டதில்லை. பேச வேண்டிய ஒரே ஒரு நாளில் இந்த வாய் செய்த காரியத்தைத்தான் இப்போது எழுதுகிறேன். யாரும் கேட்கவில்லை, எனக்கே தாங்கவில்லை.

தஞ்சாவூரில் அப்பளக் கம்பெனி நடத்துகிறேன். கம்பெனி என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு தகரக் கொட்டகை, மாவு பிசைய ஒரு மெஷின், வட்டமாக உட்கார்ந்து அப்பளம் தேய்க்கும் இருபது பெண்கள், அவ்வளவுதான். இது போக, ஊரில் அப்பா விட்டுப்போன மூன்று ஏக்கர் நஞ்சை. அதை ஒருத்தி குத்தகைக்குச் செய்துவந்தாள். அவளுடைய அப்பா எங்கள் அப்பாவிடம் பண்ணையாளாக இருந்தவர். என்னைவிட நாலைந்து வயது சிறியவள், என்னை அக்கா என்பாள். குத்தகை வாய்ப்பேச்சுதான். பத்திரமெல்லாம் எங்கள் பக்கத்தில் யார் எழுதுகிறார்கள்?

எங்கள் ஊர் வழக்கம் ஒன்று உண்டு. நெல்லுக்குக் குத்தகை அளக்க வேண்டும், உளுந்துக்கு வேண்டாம். சம்பா அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் இருக்கும்போதே, நிற்கிற நெல்லுக்குள் ஈரச் சேற்றில் உளுந்தைத் தெளித்துவிடுவார்கள். நெல்லை அறுத்ததும் தாளுக்கு நடுவே அது தலை தூக்கும். உழவும் கிடையாது, தண்ணீரும் கிடையாது. பனியைக் குடித்தே வளர்ந்து பங்குனியில் களத்துக்கு வந்துவிடும். அது முழுக்க உழுகிறவருக்கு. நிலத்துக்காரர் அதில் ஒரு பிடி கேட்டால்கூட ஊர் சிரிக்கும்.

“நெல்லு உங்களுக்கும் உரக்கடைக்கும் போயிடுதுக்கா. உளுந்துதான் எனக்குன்னு மிஞ்சுறது. அது இல்லன்னா இந்த நிலத்தை எதுக்குக் கட்டிக்கிட்டு அழணும்?” என்பாள்.

ஆனால் அவள் உளுந்து களத்துக்கு வரும் அதே சமயத்தில் பர்மா உளுந்தும் கப்பலில் வந்து இறங்கும். வரி இல்லாமல் வரும். வியாபாரி அதைக் காட்டியே இவளுடைய உளுந்தை அடிமாட்டு விலைக்குக் கேட்பான். அந்தப் பர்மா உளுந்தை வாங்குகிறவர்களில் நானும் ஒருத்தி. அப்பளத்துக்கு ஒரே சீராக மாவு கிடைக்கும், விலையும் குறைவு. இது அவளுக்குத் தெரியாது. நானாகச் சொன்னதும் இல்லை.

ஒரு பங்குனியில் எனக்குக் கடிதம் வந்தது. பருப்பு இறக்குமதி பற்றி விவசாயிகளின் கருத்தைக் கேட்க டெல்லியிலிருந்து அதிகாரிகள் தஞ்சாவூருக்கு வருகிறார்களாம். என்னை ஏன் கூப்பிட்டார்கள்? பட்டாவைப் பார்த்துப் பட்டியல் எடுத்திருக்கிறார்கள். வெயிலில் நிற்கிறவள் அவள், தாளில் விவசாயி நான். எந்தச் சர்க்கார் காகிதத்திலும் அவள் பேர் கிடையாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனேன். பஸ் சக்கரம் ஏறி மணி உதிரட்டும் என்று பிடுங்கின உளுந்துச் செடியைத் தார் ரோட்டில் பரப்பிக்கொண்டிருந்தாள். கடிதத்தைச் சொன்னதும் கையிலிருந்த கட்டைப் போட்டுவிட்டு ஓரத்துக்கு வந்தாள்.

“நிசமாவா? டெல்லிக்காரங்களேவா? அப்ப ஒண்ணே ஒண்ணு சொல்லுங்கக்கா. கப்பலே வரக்கூடாதுன்னு நான் சொல்லல. பட்டணத்துல இருக்கறவங்களும் இட்லி திங்கணும்ல. நம்ம உளுந்து களத்துக்கு வர்ற இந்த ரெண்டு மாசம் மட்டும் நிறுத்தி வையுங்கன்னு சொல்லுங்க. நாங்க வித்து முடிச்சதும் வரட்டும்.”

“நீயே வந்து சொல்லேன்” என்றேன்.

“என்னை உள்ள விடுவாங்களா? செடி வேற ரோட்ல கெடக்கு. நீங்க பேசினா பத்துப் பேரு பேசின மாதிரி.”

கூட்டத்தில் விவசாயிகள் வரிசை பாதிக்கு மேல் காலி. பங்குனியில் கூட்டம் போட்டால் களத்தை விட்டுவிட்டு எவன் வருவான்? முன்வரிசையில் இறக்குமதி செய்கிறவர்களும் மில்காரர்களும் உட்கார்ந்திருந்தார்கள். எனக்குப் பருப்பு விற்கிறவர் திரும்பிப் பார்த்து, “வாங்கம்மா, நீங்களும் நம்ம ஆளுதானே” என்று சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன்.

விவசாயிகள் தரப்பில் யாராவது பேசுகிறீர்களா என்று கேட்டார்கள். எழுந்து நின்றேன். சத்தியமாக அவள் சொன்னதைச் சொல்லத்தான் எழுந்தேன். ஆனால் சென்னைக் கடை ஒன்றுக்கு வருஷம் முழுக்க ஒரே விலையில் அப்பளம் தருவதாக அந்த மாதம்தான் ஒப்புக்கொண்டிருந்தேன். இரண்டு மாதம் கப்பல் நின்றால் என் பாடு என்ன ஆகும்? மைக்கைப் பிடித்ததும் அதுதான் முன்னால் வந்து நின்றது.

“உள்ளூர் உளுந்து எப்படியும் போதாதுங்க. இறக்குமதியால எங்களுக்குப் பெரிசா பாதிப்பு ஒண்ணும் இல்லைங்க” என்றேன்.

எங்களுக்கு என்றேன். பக்கத்திலிருந்தவர் அதை இந்தியில் சொல்ல, அதிகாரி தலையாட்டி எழுதிக்கொண்டார். அதற்குக் கீழே விவசாயி என்று போட்டுக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள்.

வீடு வரும் வழியெல்லாம் எனக்கு நானே வக்கீல் வைத்துப் பேசிக்கொண்டேன். உளுந்து விலை ஏறினால் என் கொட்டகையில் இருபது பெண்களுக்கு வேலை குறையும், அவர்களும் ஏழைகள்தானே என்றேன். பொய் இல்லை. ஆனால் அவள் கேட்டது அந்த இருபது பேர் வயிற்றிலும் அடிக்காத ஒன்று. கப்பல் எப்போது வரலாம் என்று ஒரு கணக்கு வைக்கச் சொன்னாள், அவ்வளவுதான். இந்த வியாபாரக் கொள்கை பற்றி எத்தனையோ பேர் பேசிக் கேட்டிருக்கிறேன். கதவைத் திறந்து போடு என்பார்கள், இல்லாவிட்டால் அடைத்துவிடு என்பார்கள். எந்த மாதம் திறப்பது என்று கேட்டவள் அவள் ஒருத்திதான். அதை எடுத்துக்கொண்டு போகச் சொல்லி என்னை நம்பி அனுப்பினாள், பாவி.

“சொன்னீங்களாக்கா?” என்று மறுநாளே போன் பண்ணினாள்.

“சொன்னேன். எழுதிக்கிட்டாங்க.”

எழுதிக்கொண்டார்கள் என்பது மட்டும் உண்மை.

அடுத்த பங்குனியிலும் கப்பல் வந்தது. அவள் உளுந்தைப் பாதி விலைக்குக் கேட்டார்கள். வேறு வழியில்லாமல் கொடுத்தாள். அந்தச் சித்திரையில் வீடு தேடி வந்து நிலத்தை விட்டுவிடுவதாகச் சொன்னாள்.

“டெல்லிக்காரங்ககிட்டயே நீங்க சொல்லியாச்சு. அவங்களே கேக்கல. இனிமே யாருகிட்ட போயி நிக்கிறது? வேற ஆளு பாத்துக்குங்கக்கா.”

அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். இன்னும் ஒரு வருஷம் பாரேன் என்று முணுமுணுத்ததோடு சரி. நிலத்தைப் பக்கத்து ஊர்க்காரர் ஒருவருக்கு விட்டேன். மனசு உறுத்தியது. அதற்குப் பரிகாரம் மாதிரி, அப்பளம் தேய்க்க வாயேன் என்று அவளைக் கூப்பிட்டேன். நல்ல வேலைக்காரி, நாலே நாளில் கற்றுக்கொண்டாள்.

ஒருநாள் மூட்டையிலிருந்து ஒரு கை உளுந்தை அள்ளிப் பார்த்துவிட்டு, “இது நம்ம பக்கத்து உளுந்து இல்லையேக்கா” என்றாள். பர்மா என்றேன். ஓகோ என்று மறுபடி மூட்டைக்குள் போட்டுவிட்டாள். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

அன்று மத்தியானம் சாப்பிடும்போது மற்ற பெண்களிடம் அவள் சொல்வது காதில் விழுந்தது. “நம்ம அக்காவை என்னன்னு நினைச்சீங்க? உளுந்து வாங்குற கம்பெனி வச்சிக்கிட்டும் எங்களுக்காக டெல்லி ஆபீசருங்க முன்னால எழுந்து பேசினாங்க. யாரு பேசுவா?”

தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். கை கழுவப் போனவளைக் குழாயடியில் நிறுத்திச் சொல்லிவிட்டேன். பாதிப்பு இல்லை என்றுதான் அன்றைக்குப் பேசினேன், உன் இரண்டு மாதத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை என்றேன். அழுகை வந்தது. அவள் அழவில்லை. குழாயை மூடிவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

“சொல்லியும் கேக்கலைன்னுதானே நான் நிலத்தை விட்டேன்” என்றாள். “அப்ப அது யாரு காதுக்கும் போகவே இல்லையாக்கா?”

நிலத்தில் அந்தப் பக்கத்து ஊர்க்காரர் நாற்று விட்டு ஒரு வாரம் ஆகியிருந்தது, இனி அவளுக்குத் திருப்பிக் கொடுக்கவும் வழியில்லை. அவள் ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு உள்ளே போய், மீதி மாவைத் தேய்க்க உட்கார்ந்தாள்.