சித்தி தேய்த்த குளியலறை

எனக்கு ஒன்பது வயதானபோது, திருநெல்வேலியிலிருந்து சித்தி ஒரே ஒரு பெட்டியோடு மயூர் விஹாரில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். டெல்லி பார்க்க வந்திருக்கிறாள் என்று அம்மா அக்கம்பக்கத்தில் சொன்னாள். ஆனால் சித்தி பார்த்ததெல்லாம் எங்கள் குளியலறையைத்தான்.

எங்கள் குடியிருப்பில் போர்வெல் தண்ணீர். சோப்பு நுரைக்காது, திரிந்த பால் போலச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். குழாய் வாயில் உப்பு பூத்திருக்கும். ஷவரின் பாதித் துளைகள் அடைத்துக்கொள்ள, மீதித் துளைகள் குளிப்பவரை விட்டுவிட்டுக் கதவைக் குளிப்பாட்டும். நாங்கள் பழகிவிட்டிருந்தோம்.

வந்த மூன்றாம் நாள், சித்தி ஒரு பாட்டில் வினிகரும் பழைய டூத்பிரஷ்ஷுமாக உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டாள். ஒரு மணி நேரம் கழித்து வெளியே வந்தாள். குழாயில் என் முகம் தெரிந்தது. அவள் கண்கள் சிவந்திருந்தன.

“வினிகர் நெடி, பிள்ள” என்றாள்.

அதிலிருந்து தினமும் அதே கதைதான். வினிகரில் நனைத்த துணியைக் குழாயில் சுற்றி ரப்பர் பேண்டு போடுவாள். “ஊறட்டும், பொறவு தானா விட்டுரும்” என்பாள். ஊறும்வரை உள்ளேயே இருப்பாள். இன்னொரு குழாயிலிருந்து தண்ணீர் பக்கெட்டில் கொட்டிக்கொண்டே இருக்கும்.

“டேங்க் காலியாயிரும்லா? உன் தங்கச்சிகிட்ட சொல்லேன்” என்றார் அப்பா.

“இருக்கட்டும். அவ பாட்டுக்குத் தேய்க்கட்டும்.” ஒரு சொட்டுத் தண்ணீர் சிந்தினாலும் என் காதைத் திருகுகிற அம்மாதான் இப்படிச் சொன்னாள்.

எனக்குச் சித்தியை நினைத்துப் பாவமாக இருந்தது. ஊர் பார்க்க வந்தவளுக்கு இவ்வளவு வேலையா? ஒரு சனிக்கிழமை அவளும் அம்மாவும் சந்தைக்குப் போன நேரம், நானே இறங்கினேன். ஸ்டூல் மேல் ஏறி, பிளாஸ்டிக் பையில் வினிகர் ஊற்றி ஷவரில் கட்டினேன். டைல்ஸ், பக்கெட், குவளை எல்லாவற்றையும் தேய்த்தேன். நகக்கண் எரிந்தது. ஷவர் எல்லாத் துளைகளிலும் பொழிந்தபோது கைதட்டிக்கொண்டேன்.

அவர்கள் வந்ததும் சித்தியின் கையைப் பிடித்து இழுத்துப் போனேன். “சித்தி, இனிமே உங்களுக்கு இங்க வேலையே இல்ல! நாளைக்கு இந்தியா கேட் போலாம்!”

சித்தி சுற்றிலும் பார்த்தாள். “எல்லாத்தையும் முடிச்சிட்டியாட்டி?” என்றாள். பிறகு குளியலறை வாசற்படியிலேயே உட்கார்ந்து, குரல்விட்டு அழுதாள்.

அம்மா காய்கறிப் பையைப் போட்டுவிட்டு அவளைக் கட்டிக்கொண்டாள். அப்பா எழுந்து போய்த் தெருக்கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார். அன்று சாயங்காலம் வெகுநேரம் மூவரும் பேசினார்கள். சித்தி பிறகு சித்தப்பா வீட்டுக்குத் திரும்பிப் போகவே இல்லை. டெல்லியிலேயே ஒரு பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தாள்.

எங்கள் இரண்டு அறை வீட்டில், ஒருத்தி தாழிட்டுக்கொண்டால் ஏனென்று யாரும் கேட்காத இடம் குளியலறை ஒன்றுதான். அது அன்று எனக்குத் தெரியாது. அவள் அழ அழ, நான் டைல்ஸை ஒவ்வொன்றாக உற்றுப் பார்த்தேன். குழாய்க்குப் பின்னால் ஒரு வெள்ளைத் திட்டு விட்டுப்போயிருந்தது. அதற்குத்தான் அழுகிறாள் என்று நினைத்து, பிரஷ்ஷை எடுத்து அவசர அவசரமாகத் தேய்க்க ஆரம்பித்தேன்.